பட்டம் பெற்ற பின்னும் வாசித்தவர்கள்

அமெரிக்க மகளிர் இசைச் சங்கங்களின் வரலாறு: இயல் 5

மகளிர் இசைச் சங்கம் ஒன்றில் சேரும் மாணவி கல்லூரியில் கழிக்கும் காலம் மூன்று அல்லது நான்கு ஆண்டுகளே. ஆனால் சேர்ப்புச் சடங்கின்போது அவள் ஏற்கும் உறுப்புரிமை ஆயுள் முழுவதற்குமானது. பட்டம் பெற்ற நாளுக்கும் வாழ்வின் இறுதிக்கும் இடையே கிடக்கும் ஐம்பது, அறுபது ஆண்டுகளில் அந்த உறுப்புரிமைக்கு உயிர் கொடுப்பதற்காகத் தோன்றியவையே முன்னாள் மாணவியர் கிளைகள். கல்லூரிக் கிளைகள் கிரேக்க எழுத்துகளைப் பெயராகச் சூடிக்கொள்ள, முன்னாள் மாணவியர் கிளைகள் தாம் இயங்கும் நகரத்தின் பெயராலேயே அறியப்பட்டன. அவற்றின் நடவடிக்கைகளைத் தேநீர் விருந்துகளின் தொகுப்பாகக் கருதி ஒரு வரியில் கடந்துவிடும் போக்கு வரலாற்றுக்கு நியாயம் செய்யாது. முறையாக இசை பயின்ற ஒரு பெண் திருமணத்துக்குப் பின்னும், தாய்மைக்குப் பின்னும், பணி ஓய்வுக்குப் பின்னும் கைவிரல் மறக்காத கலைஞராக நீடிப்பதற்கு, இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் பல அமெரிக்க நகரங்களில் இருந்த நம்பகமான வழிகளில் முதன்மையானவை இந்தக் கிளைகளே என்பதை இந்த இயல் நிறுவ முயல்கிறது.

சங்கங்களின் தோற்றம் முந்தைய இயல்களில் விரிவாகச் சொல்லப்பட்டதால் இங்கே சுருக்கம் போதும். 1885இல் இந்தியானா மாநிலத்தின் டிபாவ் பல்கலைக்கழக இசைப்பள்ளி மாணவியர் தொடங்கிய ஆல்ஃபா கை ஒமேகா முதலில் இசைச் சார்புடையதாக இருந்து, பின்னர் எல்லாத் துறை மாணவியருக்குமான சங்கமாக மாறிற்று. 1898இல் பாஸ்டனின் நியூ இங்கிலாந்து இசைக்கல்லூரியில் ஒசியன் மில்ஸ் தொடங்கிய சின்ஃபோனியா ஆண்களுக்கு மட்டும் உரியது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1903 ஜூன் 12 அன்று மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பரில் எழுவர் கூடிச் சிக்மா ஆல்ஃபா அயோட்டாவையும், அதே ஆண்டு நவம்பர் 13 அன்று சின்சினாட்டியில் வின்த்ராப் ஸ்டெர்லிங்கும் எலிசபெத் மத்தையாஸும் மியூ ஃபை எப்சிலானையும் நிறுவினர். 1909இல் சின்சினாட்டி நகரமே டெல்டா ஒமிக்ரானையும் ஈன்றது. வீட்டு வசதிக்காகவும் விருந்துகளுக்காகவும் அமைந்த மாணவர் சங்கங்களிலிருந்து வேறுபட்டு, ஒரு தொழிலில் பயிற்சி பெறுவோரை மட்டும் தகுதி பார்த்துச் சேர்த்துக்கொண்டவை இவை.

இவ்வாறு தகுதி பார்த்துச் சேர்க்கப்பட்ட பெண்ணுக்குக் கல்லூரிக்கு வெளியே காத்திருந்தது என்ன என்ற கேள்வியிலிருந்துதான் முன்னாள் மாணவியர் கிளைகளின் வரலாறு தொடங்குகிறது. 1900ஆம் ஆண்டுக் குடிக்கணக்கெடுப்பு இசைக்கலைஞர், இசையாசிரியர் என்று ஒரே தலைப்பில் தொகுத்தவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் பெண்கள். ஆயினும் பெரிய சிம்பொனி இசைக்குழுக்களின் இருக்கைகள் அவர்களுக்கு மூடியே கிடந்தன. 1930இல் ஃபிலடெல்ஃபியா இசைக்குழு எட்னா ஃபிலிப்ஸை முதன்மை யாழ்க் கலைஞராக அமர்த்தியது நாடு தழுவிய வியப்புக்குரிய செய்தியாயிற்று. எஞ்சியது ஆசிரியப் பணி. அதுவும் மணமாகும்வரைதான். மணமான பெண்ணை ஆசிரியராக அமர்த்துவதில்லை என்ற விதி 1928இல் ஆய்வுக்கு உட்பட்ட பள்ளி வாரியங்களில் 61 விழுக்காட்டில் நடைமுறையில் இருந்தது. 1942இல் அது 87 விழுக்காடாக உயர்ந்தது. பணியில் இருக்கும்போதே மணந்துகொள்ளும் பெண்ணை விலக்கிவிடும் வாரியங்களும் 1942இல் பத்தில் ஏழு என்ற அளவை எட்டியிருந்தன. ஆகவே பியானோவிலோ குரலிசையிலோ பட்டம் பெற்ற பெண், இசையைத் தொழிலாகக் கொண்டு தனித்து வாழ்வதையோ, மணந்துகொண்டு வீட்டு முன்னறையில் அண்டை வீட்டுக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித் தருவதையோ தேர்ந்துகொள்ள வேண்டியிருந்தது.

செல்வமும் புகழும் உள்ளவர்களையும் இந்த நெருக்கடி விடவில்லை. அமெரிக்கப் பெண் ஒருவர் எழுதி வெளியான முதல் சிம்பொனியான கேலிக் சிம்பொனியை 1896இல் பாஸ்டன் சிம்பொனி இசைக்குழு வாசிக்கக் கேட்ட ஏமி பீச், தமது பதினெட்டாம் வயதில், தம்மைவிட இருபத்து நான்கு ஆண்டுகள் மூத்த மருத்துவர் ஒருவரை மணந்த நாள் முதல், கணவரின் விருப்பப்படி ஆண்டுக்கு ஓரிரு பொது நிகழ்ச்சிகளோடு தம் பியானோ வாசிப்பை நிறுத்திக்கொண்டார். 1910இல் கணவர் மறைந்த பின்னரே அவர் ஐரோப்பாவுக்குச் சென்று மீண்டும் முழுநேர மேடைக்கலைஞரானார். இருபத்தைந்து ஆண்டுக்கால இடைவெளியை வீட்டுக்குள்ளிருந்து இசையமைத்துக் கடக்கும் ஆற்றல் ஏமி பீச்சுக்கு இருந்தது. எல்லாருக்கும் அது வாய்க்காது. கேட்க ஆள் இல்லாத வீட்டில், வாசிக்க நாள் குறிக்கப்படாத இசை மெல்ல மெல்லக் கையைவிட்டுப் போய்விடும் என்பதை இசை பயின்றோர் அறிவர்.

முன்னாள் மாணவியர் கிளை செய்த முதற்பணி இந்த நாளைக் குறித்துக் கொடுத்ததுதான். கோடை விடுமுறை முடிந்து இலையுதிர்காலம் பிறக்கும்போது, ஆண்டு முழுவதற்குமான நிகழ்ச்சிக் குறிப்பேடு ஒன்றை அச்சிட்டு உறுப்பினர்களிடம் கொடுப்பது இத்தகைய கிளைகளின் வழக்கம். உள்ளங்கை அளவே உள்ள அந்தக் குறிப்பேட்டில் மாதந்தோறும் கூட்டம் எவர் வீட்டில், உணவுப் பொறுப்பு எவருடையது, நிகழ்ச்சியின் பொருள் என்ன, பாடுவோரும் வாசிப்போரும் எவரெவர் என்ற விவரம் பதிவாகியிருக்கும். பெயர் அச்சேறிவிட்டால் பின்வாங்குவது எளிதன்று. பிப்ரவரி மாதத்துக்கு எதிரே தன் பெயரையும் அதன் அருகே பிராம்ஸ் என்பதையும் கண்ட பெண், இரு சிறு குழந்தைகளின் தாயாக இருந்தாலும், கிறிஸ்துமஸ் கழிந்த மறுவாரமே பியானோ மூடியைத் திறந்தாக வேண்டும். கேட்கப் போகிறவர்களோ கைதட்டிப் பாராட்டிவிட்டுப் போகும் விருந்தினர் அல்லர். அதே பாடத்தை அதே வகையான ஆசிரியர்களிடம் கற்று, தடுமாறும் இடம் எது என்பதைத் தம் விரல்களாலேயே அறிந்தவர்கள். இத்தகைய செவிகளுக்கு முன் ஆண்டுக்கு ஒருமுறையேனும் அமர வேண்டும் என்ற கடமை, எந்த உறுதிமொழியையும்விட வலிமையாக ஒரு கலைஞரைக் காப்பாற்றியது.

கூட்டத்தின் அமைப்பு நகரத்துக்கு நகரம் பெரிதும் மாறுபடவில்லை. முதலில் பெயர் வாசிப்பு, சென்ற கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு, பொருளாளர் அறிக்கை, பின்னர் இசை, இறுதியில் சிற்றுண்டி. வீட்டின் முன்னறையே அரங்கு என்பதால் அங்கு ஒலித்த இசையும் அந்த அறைக்கு ஏற்றதாக அமைந்தது. இரண்டு சோப்ரானோ, ஒரு ஆல்ட்டோ எனப் பெண் குரல்கள் மட்டுமே மூன்று பகுதிகளாகப் பிரிந்து பாடும் பாடல்கள், வயலினும் செல்லோவும் பியானோவும் சேர்ந்த மூவர் இசை, ஒரே பியானோவில் இருவர் அருகருகே அமர்ந்து வாசிக்கும் நான்கு கை இசை ஆகியவை மீண்டும் மீண்டும் இடம்பெறத்தக்கவை. இவற்றுள் நான்கு கை வாசிப்பு தனிக் கவனத்துக்குரியது. மேல் பகுதியை வாசிப்பவருக்கே இன்னிசை பெரும்பாலும் வாய்க்கும். ஆனால் மிதிகட்டை கீழ்ப் பகுதியை வாசிப்பவரின் காலடியில் இருப்பதால், மற்றவரின் ஒலி எவ்வளவு நேரம் நீள வேண்டும் என்பதை அவரே தீர்மானிக்கிறார். ஒருவரின் வலக்கையும் மற்றவரின் இடக்கையும் சில இடங்களில் ஒரே விசையைத் தேடி வரும்; எவர் விலகிக்கொள்வது என்று முன்பே பேசிக்கொள்ளாவிட்டால் விரல்கள் மோதும். தாளைப் புரட்டும் பொறுப்பையும் எந்தச் சுரத்தில் எவர் கை ஓய்கிறதோ அதைப் பார்த்தே பங்கிட வேண்டும். இப்படிப் பங்கிட்டுப் பல குளிர்காலங்கள் ஒத்திகை பார்த்த இருவருக்கிடையே வளரும் உறவைச் சகோதரத்துவம் என்று சங்கத்தார் அழைத்தபோது அதில் மிகையேதும் இல்லை.

பாடகிக்கும் அவருக்குப் பக்கவாத்தியமாகப் பியானோ வாசிப்பவருக்கும் உள்ள உறவும் இத்தகையதே. பாடகியின் மூச்சு எந்தச் சொல்லில் முடியும் என்பதைப் பியானோக் கலைஞர் அறிந்திருக்க வேண்டும். வயது ஏறி மூச்சு குறுகும்போது, தாள நடையைச் சற்றே விரைவாக்கிக் கொடுத்து அந்தக் குறையை அவையோர் அறியாமல் மறைத்துவிட வேண்டும். உயர்ந்த சுரம் எட்டாதபோது பாடலை அரைச் சுரம் கீழிறக்கி வாசித்துத் தர வேண்டும். இருபத்தைந்து வயதில் கல்லூரி மேடையில் சேர்ந்து நின்ற இருவர் அறுபது வயதிலும் சேர்ந்து நிகழ்ச்சி வழங்குவது முன்னாள் மாணவியர் கிளைகளில் நடக்கக் கூடியதாக இருந்தமைக்கு, இந்த விட்டுக்கொடுத்தலே அடிப்படை. சங்க மொழியில் உறுப்பினர் ஒருவரையொருவர் சகோதரி என்று குறிப்பிட்டனர். ஆசிரியையும் அவரிடமே பயின்ற மாணவியும்கூட ஒரே சங்கத்தில் சேர்க்கப்பட்டவர்களாயின் கிளைக் கூட்டத்தில் சகோதரிகளே. ஒருவருக்கொருவர் பக்கவாத்தியம் வாசித்தனர், ஒருவர் தலைவராக இருக்கையில் மற்றவர் செயலாளராகப் பணியாற்றினார். மூத்தவரை மூத்தவராகவே வைத்துப் போற்றும் இசையுலக மரபுக்குள் இந்தச் சமநிலை எளிதில் விளைந்ததன்று.

இடப்பெயர்வு மிகுந்த நாட்டில் கிளைகளுக்கு மற்றொரு பயனும் இருந்தது. கணவரின் பணி மாற்றத்தால் முன்பின் அறியாத நகரத்துக்கு வந்து சேரும் பெண், அந்நகரத்துக் கிளையின் செயலாளருக்கு ஒரு கடிதம் எழுதினால் போதும். அவர் எந்தக் கல்லூரியில் எந்த ஆண்டு சேர்க்கப்பட்டவர் என்பதைத் தேசிய அலுவலகப் பதிவேட்டில் சரிபார்த்துவிட்டால், அடுத்த கூட்டத்தில் அவருக்கு இருக்கை உண்டு. வந்த சில வாரங்களில் மாணவர்களும், ஆலயப் பாடற்குழுவில் இடமும், வாசித்துப் பழக நல்ல பியானோ உள்ள வீடும் அவருக்குக் கிடைக்கும் வழி அதனால் திறந்தது. சிக்மா ஆல்ஃபா அயோட்டாவின் சின்னம் கிரேக்கத் தொன்மத்து ஆட்டிடையர் தெய்வமான பானின் குழல். அதன் இதழின் பெயரும் பான் பைப்ஸ். மியூ ஃபை எப்சிலானின் இதழ் தி டிரையாங்கிள். இவ்விரு இதழ்களும் கட்டுரைகளோடு, எந்த நகரத்தில் எவர் என்ன வாசித்தார், எவருக்கு எங்கே பணி கிடைத்தது, எவர் மறைந்தார் என்ற செய்திகளையும் தாங்கி வந்தன. இசை வரலாற்று ஆய்வாளர்கள் இச்செய்திப் பத்திகளை இன்னும் கூடுதலாகப் பயன்படுத்த வேண்டும். பேரகராதிகளில் இடம்பெறாத பெண்களின் கலைவாழ்வு அவற்றில்தான் ஆண்டு வாரியாகப் பதிவாகியுள்ளது.

கிளைகள் திரட்டிய பணம் எங்கே சென்றது என்பதும் அவற்றின் நோக்கத்தைக் காட்டும். பெரும்பகுதி, அருகிலுள்ள கல்லூரியின் இசை மாணவியருக்கான உதவித்தொகையாயிற்று. மியூ ஃபை எப்சிலான், சிகாகோவின் தொழிலாளர் குடியிருப்புப் பகுதியில் புலம்பெயர்ந்தோர் குடும்பங்களுக்காக இயங்கிய கேட்ஸ் ஹில் சமூக நிலையத்தில் குழந்தைகளுக்கான இசைப்பள்ளி ஒன்றைத் தாங்கி நடத்தியது. இவற்றினும் நெடுங்காலம் நிலைத்த கொடை நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் பீட்டர்பரோ ஊரில் இருக்கிறது. இசையமைப்பாளர் எட்வர்ட் மெக்டவலும் அவர் மனைவி மேரியனும் கலைஞர்கள் இடையூறின்றிப் பணியாற்றுவதற்கென அங்குள்ள தம் பண்ணையில் 1907இல் ஒரு குடியிருப்பைத் தொடங்கினர். 1908 தொடக்கத்திலேயே எட்வர்ட் மறைந்துவிட, அரை நூற்றாண்டுக்கு நெருங்கிய காலம் அதைக் கட்டிக் காத்தவர் மேரியன். தாமும் தேர்ந்த பியானோக் கலைஞரான அவர் ஊர் ஊராகச் சென்று, பெண்கள் இசைக் கழகங்களின் முன்னிலையில் கணவரின் இசையை வாசித்தும் விளக்கியும் நிதி சேர்த்தார். அந்தக் கூடங்களில் அவருக்குச் செவிகொடுத்தவர்கள் சும்மா இருந்துவிடவில்லை. ஆல்ஃபா கை ஒமேகா கட்டிக் கொடுத்த பணிக்குடில் ஸ்டார் ஸ்டுடியோ எனப் பெயர் பெற்றது. டெல்டா ஒமிக்ரான், ஃபை பீட்டா ஆகிய சங்கங்களின் பெயர்களைத் தாங்கிய குடில்களும் எழுந்தன. சிக்மா ஆல்ஃபா அயோட்டாவின் கொடையாக வந்த விடுதி பான்ஸ் காட்டேஜ். மரங்களுக்கிடையே தனித்தனியே நிற்கும் இக்குடில்களில் பணியாற்றுவோரின் பகல் உணவு, எவரும் கதவைத் தட்டாமல், கூடையில் வைத்து வாசற்படியில் விட்டுச் செல்லப்படும். தங்கிச் செல்வோர் தம் பெயரையும் ஆண்டையும் சுவரில் மாட்டிய மரப்பலகையில் எழுதிவைப்பர். சமையலும் விருந்தோம்பலும் குழந்தை வளர்ப்பும் பகலை எப்படிப் பங்கு போடும் என்பதை நாள்தோறும் அனுபவித்த பெண்கள், முன்பின் அறியாத கலைஞர் ஒருவருக்குத் தடைபடாத பகற்பொழுதை வாங்கிக் கொடுத்தனர் என்பது இவ்வரலாற்றில் மிகவும் பெருமைக்குரிய செய்தி. 1921 முதல் பல கோடைகளில் அங்கு தங்கி இசையமைத்தவர்களுள் ஏமி பீச்சும் ஒருவர். பறவை ஒன்றின் குரலைக் காட்டில் கேட்டுக் குறித்துக்கொண்டு அதிலிருந்து இரண்டு பியானோ இசைகளை அவர் ஆக்கியது அங்கேதான். தம் இசையிலிருந்து வரும் உரிமைத்தொகையை அந்தக் குடியிருப்புக்கே அவர் எழுதிவைத்தார்.

இந்தப் பெருமையோடு சேர்த்தே சொல்ல வேண்டிய குறை ஒன்று உண்டு. கிரேக்க எழுத்துப் பெயர் தாங்கிய அமெரிக்க மாணவர் சங்கங்கள் பலவற்றின் கதவுகள் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை வெள்ளையரல்லாதாருக்குத் திறக்கவில்லை. சிலவற்றில் இது எழுதிவைத்த விதி, வேறு சிலவற்றில் எழுதப்படாத வழக்கம். சகோதரத்துவம் என்ற சொல் இந்த எல்லைக்குள்தான் இயங்கியது என்பதை மறைத்து எழுதும் வரலாறு அரைகுறையானது. ஆப்பிரிக்க அமெரிக்க இசைக்கலைஞர்கள் 1919இல் தங்களுக்கென நாடு தழுவிய சங்கம் ஒன்றைச் சிகாகோவில் அமைத்துக்கொண்டனர்; அச்சங்கத்தைச் சூழ்ந்து வளர்ந்த பெண்களின் கூட்டுறவு, எந்த முன்னாள் மாணவியர் கிளையின் சாதனைக்கும் குறைந்ததன்று.

அதற்குச் சான்று இசையமைப்பாளர் ஃபுளோரன்ஸ் பிரைஸின் வாழ்வு. ஆர்க்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில் 1887இல் பிறந்து, 1906இல் நியூ இங்கிலாந்து இசைக்கல்லூரியில் பட்டம் பெற்ற அவர், 1927இல் குடும்பத்தோடு சிகாகோவுக்குக் குடிபெயர்ந்தார். மணமுறிவுக்குப் பின் இரு பெண் குழந்தைகளோடும் குறைந்த வருவாயோடும் நின்ற அவருக்குத் தம் வீட்டில் இடம் கொடுத்தவர், ஆலய ஆர்கன் கலைஞரும் இசையாசிரியருமான எஸ்டெல்லா பாண்ட்ஸ். எஸ்டெல்லாவின் மகள் மார்கரெட் பாண்ட்ஸ் பிரைஸிடம் இசையமைப்புப் பயின்றார். போட்டி ஒன்றின் கடைசி நாள் நெருங்கும்போது, கருவிகள் அனைத்தின் ஒலியையும் ஒரே பக்கத்தில் காட்டும் முழுப் பிரதியிலிருந்து ஒவ்வொரு கருவிக்கும் உரிய பகுதியைத் தனித் தாளில் கையால் படியெடுக்கும் வேலை மலைபோலக் குவியும். சுரம் எழுதத் தெரிந்த கறுப்பின இசைக்கலைஞர்கள் பலர் அந்த வீட்டுக்கு விரைந்து வந்து, சமையலறை மேசையைச் சுற்றி அமர்ந்து எழுதி முடித்துக் கொடுத்ததை மார்கரெட் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார். 1932இல் வானமேக்கர் இசையமைப்புப் போட்டியில் பிரைஸின் ஈ மைனர் சிம்பொனி முதற்பரிசு வென்றது. 1933 ஜூன் 15 அன்று ஃபிரடெரிக் ஸ்டாக் நடத்த, சிகாகோ சிம்பொனி இசைக்குழு அதை அரங்கேற்றியது. கறுப்பினப் பெண் ஒருவரின் சிம்பொனியைப் பெரிய அமெரிக்க இசைக்குழு ஒன்று வாசித்தது அதுவே முதன்முறை. அன்றைய நிகழ்ச்சியிலேயே மார்கரெட் பாண்ட்ஸும் தனிப் பியானோக் கலைஞராக அந்த மேடையில் வாசித்தார்.

முன்னாள் மாணவியர் கிளைகளின் இரண்டாம் காலகட்டத்தைச் சட்டம் ஒன்று தொடங்கிவைத்தது. கூட்டரசின் நிதியுதவி பெறும் கல்வி அமைப்புகளில் பால் வேறுபாட்டின் அடிப்படையில் எவரையும் விலக்கக் கூடாது என்று 1972ஆம் ஆண்டின் கல்வித் திருத்தச் சட்டத்தினுடைய ஒன்பதாம் பகுதி விதித்தது. 1974 இறுதியில் வந்த திருத்தம், சமூக உறவை நோக்கமாகக் கொண்ட மாணவர் சங்கங்களுக்கு விலக்கு அளித்ததேயன்றித் தொழிற்சார் சங்கங்களுக்கு அளிக்கவில்லை. எழுபது ஆண்டுகளாகத் தொழிற்சார் தகுதியைத் தம் பெருமையாகச் சொல்லிவந்த இசைச் சங்கங்களுக்கு அந்தப் பெருமையே சிக்கலாயிற்று. மியூ ஃபை எப்சிலான் 1977இல் ஆண்களையும் உறுப்பினராக ஏற்று இருபாலர் சங்கமாயிற்று. சிக்மா ஆல்ஃபா அயோட்டா மகளிர் சங்கமாகவே தொடர்ந்தது. இவ்விரண்டு முடிவுகளுள் எது சரி என்று தீர்ப்பளிப்பது தேவையற்றது. ஒன்று காலத்தின் நீதியை ஏற்றது. மற்றொன்று, பெண்கள் மட்டுமே கூடும் அறையில் விளையும் துணிவுக்கு இன்னும் தேவை இருப்பதாகக் கருதியது.

அதே பத்தாண்டுகளில் வெளியுலகமும் மாறியது. தேர்வுக்கு வருவோரைத் திரைக்குப் பின்னால் அமர்த்தி, ஒலியை மட்டும் கேட்டு மதிப்பிடும் முறையை இசைக்குழுக்கள் கைக்கொள்ளத் தொடங்கின; 1970இல் நாட்டின் முதல் ஐந்து இசைக்குழுக்களில் ஐந்து விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்த பெண்களின் பங்கு 1997இல் இருபத்தைந்து விழுக்காட்டை எட்டியது. மணமான ஆசிரியைகளை விலக்கும் விதிகள் அதற்கு முன்பே மறைந்துவிட்டன. பட்டம் பெற்ற பெண்ணுக்கு இப்போது வாசிக்க மேடை இருந்தது. ஆனால் வார நாளின் பிற்பகலில் கூட்டத்துக்கு வர நேரம் இல்லை. பள்ளி இசைக்குழு ஒத்திகையும் மாலை நிகழ்ச்சிகளும் நிறைந்த இளைய உறுப்பினருக்காகக் கூட்ட நேரங்களை மாற்ற வேண்டிய நிலை வந்தது. வீட்டுப் பணியிலும் தனிப்பாடத்திலும் வாழ்வைக் கழித்த மூத்த உறுப்பினருக்கும் அவர்களுக்கும் இடையே, கிளை எதற்காக இருக்கிறது என்பதிலேயே கருத்து வேறுபாடு தோன்ற இடம் ஏற்பட்டது. இளையவர்களுக்கு அது தொழில் தொடர்புகளின் களம். மூத்தவர்களுக்கோ, கைவிரலையும் குரலையும் ஐம்பது ஆண்டுகள் விழிப்போடு வைத்திருந்த இடம்.

இந்த வேறுபாட்டுக்குப் பாலமாக அமைந்தவற்றுள் ஒன்று, 1956இல் குடியரசுத் தலைவர் ஐசனோவர் தொடங்கிவைத்த மக்களுக்கிடையேயான நட்புறவு இயக்கத்தின் பெயரிலேயே சிக்மா ஆல்ஃபா அயோட்டா நடத்திவரும் திட்டம். இசைத்தாள்களும் கருவிகளும் கிடைக்காத பிற நாட்டு இசைப்பள்ளிகளுக்கு அவற்றைத் திரட்டி அனுப்புவதே அதன் பணி. ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவரின் அலமாரி, வாழ்நாள் முழுவதும் சேர்த்த பயிற்சி நூல்களையும் பென்சில் குறிப்புகள் நிறைந்த பியானோத் தொகுப்புகளையும் தாங்கியிருக்கும். அவற்றைத் தரம் பிரித்து, கிழிந்த முதுகுகளை ஒட்டி, பெட்டியில் அடுக்கி, அஞ்சலில் சேர்க்கும் வேலைக்கு மூத்தவர்களின் நினைவாற்றலும் இளையவர்களின் கைவலிமையும் சேர்ந்தே தேவைப்பட்டன. ஒரு தொகுப்பின் ஓரத்தில் எழுதியிருக்கும் விரல் எண்களைக் கண்டு அது எந்த ஆசிரியரின் முறை என்று மூத்தவர் சொல்ல, இளையவர் அதைக் கேட்டுக்கொண்டே அடுத்த பெட்டியைக் கட்டத் தொடங்கும் இத்தகைய கூட்டங்களிலிருந்துதான், 1980களில் சில நகரங்களின் கிளைகள் தம் மூத்த உறுப்பினரின் நினைவுகளைத் தொகுத்துக் காக்கும் எண்ணத்துக்கு வந்து சேர்ந்தன என்று கருத இடமுண்டு; கிளைகளின் ஆவணங்கள் எவ்வாறு பல்கலைக்கழக நூலகங்களைச் சென்றடைகின்றன என்பதை அடுத்த இயல் ஆராயும்.

(தொடரும்)